தினமும் 15 "டிரான்ஸ்பர்"! சக்கர நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம், அதில்தான் ஆபத்து!

ஆபீசில் "டிரான்ஸ்பர்" என்றால் எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே மனுஷன் தூக்கம் கெட்டுப் போகிறான்.

தினமும் 15 தடவை டிரான்ஸ்பர் ஆகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியுமா?

சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள்தான் அவர்கள். விடிந்ததும் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு. நாற்காலியில் இருந்து கக்கூசுக்கு. அங்கிருந்து மறுபடி நாற்காலிக்கு. பிறகு குளிக்கிற ஸ்டூல், ஆட்டோ, ஆபீஸ், ராத்திரி திரும்பவும் கட்டில். இப்படி ஏறி இறங்குவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 தடவை ஆகி விடுகிறது. பிஸியோதெரபி பாஷையில் இதற்குப் பெயரே "டிரான்ஸ்பர்" தான்.

தூரம் என்னவோ ஒரு முழம். ஆனால் அந்த ஒரு முழத்தில்தான் ஆள் கீழே விழுகிறார். தோள் மூட்டு தேய்கிறது. தோல் உரசிப் புண்ணாகிறது. தூக்கி விடுகிற மனைவிக்கோ மகனுக்கோ முதுகு பிடித்துக் கொள்கிறது.

இதற்கு லட்ச ரூபாய் மெஷின் வந்தால்தான் விடிவு என்பது இல்லை. முதலில் வேண்டியது முறை. அந்த முறை சரியா, தப்பா என்று பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி மார்க் போடும் அளவுகோலே வந்து விட்டது.

தோள்தான் கால்!

நம் உடம்பில் பாரம் தாங்குவதற்கு என்று இருப்பது இடுப்பு மூட்டு. அது ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்து இருப்பது போல ஆழமான குழிக்குள் உட்கார்ந்து இருக்கிறது.

தோள் மூட்டு அப்படி இல்லை. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி அது. கையை நாலா பக்கமும் சுழற்றத் தோதாக, மேலோட்டமான குழியில் இருக்கிறது. சுற்றி உள்ள தசைகள்தான் அதை இழுத்துப் பிடித்துக் கொண்டு இருக்கின்றன.

கால் செயல் இழந்தவருக்கு அந்தத் தோள்தான் கால். நாற்காலியைத் தள்ளுவதும் தோள். உடம்பைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பதும் தோள். ஒரு நாளைக்கு 15 தடவை என்றால் வருஷத்துக்கு 5,475 தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அந்தத் தோளும் போய் விட்டால்? இரண்டாவது தடவை கால் போன கதைதான். தானே எழுந்து, தானே குளித்து, வேலைக்குப் போய் வந்தவர், எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டி வரும்.

அதனால்தான் 2005-ல், அமெரிக்காவில் முதுகுத் தண்டுவடக் காயத்துக்கு வைத்தியம் செய்யும் நிபுணர்கள் கூடி, கையையும் தோளையும் காப்பாற்றுவது எப்படி என்று தனி வழிகாட்டியே வெளியிட்டார்கள். "ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒரே கையையே எப்போதும் முன்னால் வைக்காதே, மாற்றி மாற்றி வை" என்பது அதில் உள்ள யோசனைகளில் சில.

அக்குளில் பிடிக்காதே!

பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன?

"ஏய், நீ அக்குள்ல பிடி. நான் காலைப் பிடிக்கிறேன். ம்... தூக்கு!"

மூன்று தப்பு ஒரே நேரத்தில் நடந்து விடுகிறது.

முதல் தப்பு, அக்குளில் பிடிப்பது. உடம்பின் முழு கனமும் தோளில் தொங்குகிறது. பக்கவாதம் வந்து கை துவண்டு போனவரை இப்படித் தூக்கினால், தோள் மூட்டு நழுவவே வாய்ப்பு உண்டு. செயல் இழந்த கையைப் பிடித்து இழுப்பதும் இதே கதிதான்.

இரண்டாவது தப்பு, தரதரவென்று இழுப்பது. எலும்பு ஒரு பக்கம் நகர, தோல் மெத்தையோடு ஒட்டிக் கொண்டு பின்தங்க, நடுவில் சதை நசுங்குகிறது. உணர்ச்சி இல்லாத உடம்பு என்பதால் வலி தெரியாது. படுக்கைப் புண்ணுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. அந்தப் புண் ஆற மாசக் கணக்கில் ஆகும்.

மூன்றாவது தப்பு, தூக்குகிறவர் முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்துக் குனிவது. 45 கிலோ எடை உள்ள மனைவி, 70 கிலோ எடை உள்ள கணவரைத் தினமும் பத்துத் தடவை இப்படித் தூக்கினால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் ஒரு நோயாளி என்பது இரண்டு ஆகி விடும்!

16 கிலோதான்!

ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை எவ்வளவு பாரம் வரை கையால் தூக்கலாம்?

தொழிலாளர் பாதுகாப்பு பற்றி ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் இதற்குக் கணக்குச் சொன்னார். 35 பவுண்டு. அதாவது, ஏறக்குறைய 16 கிலோ. அதற்கு மேல் போனால் கருவியின் உதவி வேண்டும் என்பது அவர் சொன்ன முடிவு. அதுவும் இடம் வசதியாக இருந்து, நோயாளி ஒத்துழைத்தால்தான் இந்தக் கணக்கு.

வீட்டுக்கு வரும் நிறைந்த சமையல் காஸ் சிலிண்டரே சுமார் 30 கிலோ. அதில் பாதிதான் இது!

மூட்டை தூக்குகிற ஆள் சிரிக்கலாம். "நான் ஒரு மூட்டை அரிசியையே அலாக்காத் தூக்குறேனே!" என்று கேட்கலாம். அரிசி மூட்டை திடீரென்று துள்ளாது. பயந்து கழுத்தைக் கட்டிக் கொள்ளாது. மனுஷ உடம்பில் பிடிக்கக் காது கிடையாது. மார்போடு அணைத்துத் தூக்கவும் வசதி இருக்காது. வித்தியாசம் அங்கேதான்.

மார்க் போடும் பிட்ஸ்பர்க்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு ஊர். இரும்பு ஆலைகளுக்குப் பேர் போனது. அங்கே உள்ள பல்கலைக் கழகமும், முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையும் சேர்ந்து 1994 முதல் ஓர் ஆராய்ச்சிக் கூடம் நடத்தி வருகின்றன. சக்கர நாற்காலிதான் அங்கே முக்கியமான ஆராய்ச்சி.

அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ரோரி கூப்பர். ராணுவத்தில் இருந்தவர். 1980-ல் ஜெர்மனியில் சைக்கிளில் போய்க் கொண்டு இருந்தபோது விபத்தில் சிக்கி, தண்டுவடம் அடிபட்டது. அன்று முதல் அவரும் சக்கர நாற்காலியில்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்ஜினீயரிங் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர்.

அந்தக் கூடத்தில் இருந்துதான் 2011-ல் டிரான்ஸ்பருக்கு மார்க் போடும் அளவுகோல் வெளியானது. ஒருவர் நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு மாறுவதைப் பிஸியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று பார்ப்பார். கேள்வித்தாள் மாதிரி ஒரு தாள் கையில் இருக்கும். இதைச் செய்தாரா, அதைச் செய்தாரா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். கடைசியில் கூட்டிப் பார்த்தால் 10-க்கு இத்தனை என்று மார்க் வந்து விடும்.

மார்க் குறைந்தால் பெயில் போடுவது நோக்கம் அல்ல. எந்த இடத்தில் தப்பு என்பது தெரிந்து விடும். அந்த இடத்தை மட்டும் திருத்தினால் போதும். பயிற்சி கொடுத்த பிறகு மறுபடி சோதித்தால் முறை திருந்தி இருப்பதையும் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

அதோடு விடவில்லை. வீடியோ விளையாட்டுக்காக வந்த "கினெக்ட்" என்ற கேமராவை இதற்குத் திருப்பி விட்டார்கள். எதிரில் இருப்பவரின் தலை, தோள், முழங்கை, இடுப்பு எப்படி அசைகிறது என்பதை அந்தக் கேமரா பிடிக்கும். எங்கே தப்பு என்று கம்ப்யூட்டர் எடுத்துச் சொல்லும் ஏற்பாட்டை அவர்கள் உருவாக்கினார்கள்.

மார்க் எங்கே போகிறது?

கேமரா இல்லாவிட்டால் என்ன? அந்த மார்க் தாளில் பார்க்கப்படும் முக்கியமான விஷயங்களை, ஒரு டேப் இருந்தால் வீட்டிலேயே பார்த்து விடலாம்.

நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடைவெளி 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேராக இருக்கக் கூடாது. 20 முதல் 45 டிகிரி சாய்வில் நாற்காலியை நிறுத்த வேண்டும். பக்கவாதம் வந்தவர் என்றால், நல்ல கை கால் உள்ள பக்கம் கட்டில் வரும்படி நிறுத்த வேண்டும்.

இரண்டு பிரேக்கும் போட வேண்டும். கால் வைக்கும் தட்டை மடக்கி விட வேண்டும். கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி விட வேண்டும்.

ஆசனத்தின் பின்பக்கம் சாய்ந்தபடி தாவக் கூடாது. முதலில் முன்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். அப்போதுதான் பெரிய சக்கரம் இடிக்காது. பாதம் இரண்டும் தரையில் பதிந்து இருக்க வேண்டும்.

கையை எங்கே ஊன்றுவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து விட வேண்டும். மணிக்கட்டைப் பின்னால் முழுக்க மடித்து, உள்ளங்கையில் பாரம் போடக் கூடாது. விரல்களை விளிம்பில் மடித்துப் பிடிப்பது நல்லது. கையை உடம்பில் இருந்து வெகு தூரம் விரித்து ஊன்றினால் தோள் அடி வாங்கும்.

அடுத்தது தராசு வித்தை. தலையை முன்னால் தாழ்த்தி ஒரு பக்கம் கொண்டு போனால் இடுப்பு தானாக மறு பக்கம் எழும்பும். கட்டில் வலது பக்கம் என்றால் தலை இடது பக்கம் போக வேண்டும். இது பழகி விட்டால் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

கடைசியில், தொப்பென்று விழக் கூடாது. மெதுவாக இறங்கி உட்கார வேண்டும்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு சங்கதி. நெடுநேரம் படுத்து இருந்தவரைச் சட்டென்று எழுப்பினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார வைக்க வேண்டும். சிறுநீர்ப் பை மாட்டி இருந்தால் அதை முதலில் நகர்த்த வேண்டும். மறந்தால் குழாய் இழுபட்டு ரத்தம் வந்து விடும்.

கக்கூஸ் கணக்கு

மெத்தையோடு சேர்த்து சக்கர நாற்காலியின் ஆசனம் சுமார் 20 அங்குல உயரம் இருக்கும். வீட்டில் போடும் சாதாரண கம்மோடு 15, 16 அங்குலம்தான்.

போகும்போது இறக்கம். சுலபமாக இருக்கும். திரும்பி வரும்போது ஏற்றம்! 4 அங்குலம் உடம்பைத் தூக்க வேண்டும். வழுக்கித் தடுமாறும் இடம் இதுதான். தரையில் தண்ணீர் வேறு.

கம்மோடு மேல் வைக்கும் உயரக் கட்டை கடையில் கிடைக்கிறது. சுவரில் கெட்டியான கம்பி பதித்தால் பிடித்துக் கொள்ளலாம். லேசான பிளாஸ்டிக் ஸ்டூலைக் குளிக்கப் போட்டால், ஏறும்போது அது சறுக்கி ஓடும். கனமான, காலில் ரப்பர் போட்ட நாற்காலிதான் நல்லது.

கட்டில் தாழ்வாக இருந்தால், குழி செதுக்கிய மரக்கட்டையைக் காலுக்கு அடியில் வைத்து உயர்த்தலாம். செங்கல்லை அடுக்கி வைப்பது ஆபத்து. நகர்ந்து விடும்.

தச்சர் செய்யும் கருவி

கருவிகளில் எளிமையானது சறுக்குப் பலகை. சுமார் 2 அடி முதல் 2½ அடி நீளம், 8 அங்குல அகலம். இழைத்து வழவழப்பாக்கிய, கெட்டியான பிளைவுட் பலகை. ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகி, மறு முனையைக் கட்டிலில் வைத்தால் பாலம் மாதிரி ஆகி விடும். அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரலாம். வெறும் தோல் பலகையில் படக் கூடாது. துணி இருக்க வேண்டும். சிராய் ஒன்று கூட இருக்கக் கூடாது. விரலைப் பலகைக்கு அடியில் கொடுக்கவும் கூடாது.

அடுத்தது இடுப்புப் பட்டை. உதவி செய்கிறவர் கையையோ அக்குளையோ பிடிக்காமல் இந்தப் பட்டையைப் பிடித்துக் கொள்ளலாம். இது வழிகாட்டத்தான், ஆளைத் தூக்கித் தொங்க விட அல்ல.

துளியும் எழுந்திருக்க முடியாதவருக்கு "ஹாய்ஸ்ட்" என்ற தூக்கும் கருவி இருக்கிறது. தொட்டில் மாதிரி ஒரு துணியில் ஆளை உட்கார வைத்து, லாரி ஷெட்டில் ஜாக்கி அடிப்பது போல அடித்தால் ஆள் மெதுவாக மேலே வருவார்.

இதைக் கண்டுபிடித்தவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். அமெரிக்காவில் ஓஷ்கோஷ் என்ற ஊரைச் சேர்ந்த டெட் ஹோயர். 1930-களில் கார் விபத்தில் கை கால் செயல் இழந்தவர். தன்னைத் தூக்குவதற்குத் தானே வழி தேடினார். இன்றைக்கும் பல நாடுகளில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தக் கருவியை "ஹோயர்" என்றே கூப்பிடுகிறார்கள்.

ஹாய்ஸ்ட் இருந்தாலும் கவனம் வேண்டும். தொட்டில் துணியில் தையல் விட்டு இருக்கிறதா, நாடா நைந்து இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். ஆளின் உடம்புக்கு ஏற்ற அளவுத் துணி வேண்டும். பெரிதாக இருந்தால் ஆள் நழுவி விடுவார்.

வேலூர் டாக்டரம்மா

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம்ம வேலூருக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழ் செயல் இழந்து விட்டது. அவர் மூலையில் உட்கார்ந்து விடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்!

பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்தத் துறைக்கு வழி காட்டிய இடங்களில் அது ஒன்று. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1986-ல் காலமானார்.

மறுவாழ்வுப் பயிற்சியில் அரிச்சுவடியே இந்த டிரான்ஸ்பர்தான். கட்டிலை விட்டு நாற்காலிக்கு வரத் தெரிந்தால்தான், வாசலைத் தாண்டி வேலைக்குப் போக முடியும்.

ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்

15 டிரான்ஸ்பரை 10 ஆகக் குறைத்தால்? அதுவும் தோளுக்கு லாபம்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான "நியோபோல்ட்" 2021-ல் வெளியானது. சக்கர நாற்காலியின் முன்னால் இதை மாட்டினால் நாற்காலியே பேட்டரி வண்டி ஆகி விடுகிறது. வேறு வண்டிக்கு மாறி ஏற வேண்டிய வேலையே இல்லை.

2024-ல் சென்னையில் தாழ்தள பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. சாய்தளத்தை விரித்தால் நாற்காலியோடு உள்ளே போய் விடலாம். ஆள் தூக்கி ஏற்றத் தேவை இல்லை. பஸ் ஸ்டாப்பில் டிரைவர் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தினால்தான் இது நடக்கும். பிளாட்பாரத்தில் கடையும் ஸ்கூட்டரும் அடைத்து இருந்தால், எவ்வளவு நல்ல பஸ் வந்தும் பிரயோஜனம் இல்லை.

தர்மம் செய்பவர்கள் கவனத்துக்கு!

பிறந்த நாள், நினைவு நாள் என்றால் சக்கர நாற்காலி தானம் கொடுக்கும் நல்லவர்கள் உண்டு. மாலை, போட்டோ எல்லாம் ஆகும். ஆனால் கொடுக்கும் நாற்காலி எப்படி இருக்கிறது?

கைப்பிடி கழலாத நாற்காலி என்றால் பக்கவாட்டில் நகர வழியே இல்லை. கைப்பிடியைத் தாண்டி ஆளைத் தூக்கித்தான் ஆக வேண்டும். வாங்குகிறவர் தோளுக்கும், வீட்டில் உள்ளவர் முதுகுக்கும் அன்றே கேடு தொடங்கி விடுகிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் நாலே நாலு. கைப்பிடி கழலுமா? கால் தட்டு மடங்குமா? பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா? உட்காருகிறவரின் இடுப்பு அளவு, கட்டில் உயரம், பாத்ரூம் கதவு அகலம் ஆகியவற்றுக்குப் பொருந்துமா?

விழுந்து விட்டால்?

பதறிக் கொண்டு உடனே தூக்கக் கூடாது. தலையில் அடி உண்டா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத கால் முறிந்தாலும் வலிக்காது. "எனக்கு ஒண்ணும் இல்லே" என்று அவரே சொல்லுவார். வீக்கம், கோணல், சூடு இருந்தால் எக்ஸ்ரே எடுத்து விடுவது நல்லது.

முதலில் கேளுங்கள்

ரயில்வே ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் உதவி செய்ய நாலு பேர் ஓடி வருவார்கள். அது நல்ல மனசு. ஆனால் கேட்காமல் தூக்குவது ஆபத்து.

"எப்படிப் பிடிக்கணும் சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். தினமும் 15 தடவை செய்கிறவருக்குத் தெரியாத வித்தை நமக்குத் தெரிந்து விடாது. அவர் சொல்கிறபடி பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் இதுபற்றிக் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். கடற்கரைக் காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் வளாகத்தில் உள்ள "மியூசியம் ஆஃப் பாஸிபிலிட்டிஸ்" கண்காட்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை நேரில் பார்க்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உள்ள பிஸியோதெரபிஸ்டிடம், "டிரான்ஸ்பர் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும்.

மாத்திரை எழுதி வாங்க மறக்காத நாம், இதைக் கேட்க மறந்து விடுகிறோம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கூடப் போகிறவரும் சேர்ந்து கற்றுக் கொண்டு வரட்டும். ஒரு தோளும் ஒரு முதுகும் பிழைக்கும்.